மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்தவன்

கோகோட்ரி, லூசியானா
1988 ஏப்ரல் 11

அன்புத் தம்பி நாரிஸுக்கு,

நானும் எர்லீனும் சுகம். என் வலது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே, அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி, ஜெனீவ் உப்பைக் குறைத்துச் சமைக்கிறாளா என்று எழுது. தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இன்று காலை பிளசீட் கடைக்குத் தூண்டிலில் கோர்க்க உயிர் இறால் வாங்கப் போனேன். இங்குள்ள எல்லா கைடுகளின் காலண்டரும் அந்தக் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்குவது உனக்கு மறந்திருக்காது. எந்த கைடு எந்தத் தேதியில் யாரை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறான் என்று ஊரே படிக்கலாம். வந்தாலும் வருவார் என்றால் பென்சில். கட்டாயம் வருகிறார் என்றால் பேனா. வில்டன் லிரெட்டின் காலண்டரைப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, கண்ணில் பட்டுவிட்டது. மே 21, சனிக்கிழமை: 'நாரிஸ் ஓத்மான், போமாண்ட். நாலு பேர். புள்ளி ட்ரௌட்.' பேனாவில் எழுதியிருந்தது.

போமாண்டில் இன்னொரு நாரிஸ் ஓத்மான் இருக்கிறானா என்று பிளசீட்டைக் கேட்டேன். அவர் இறால் தொட்டிக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. உன் அண்ணன் இருபது வருஷமாக இதே தண்ணீரில் கைடு வேலைதானே பார்க்கிறான்?

ஏதாவது தவறு நடந்திருந்தால் எழுது. தவறு இல்லை என்றாலும் எழுது.

எனக்குத் தெரிந்தவரை இன்னும் உன் அண்ணன்,
ஓவீட்


போமாண்ட், டெக்சஸ்
1988 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார், ஆனால் மாத்திரையைக் கூட்டவில்லை. உன் முழங்காலுக்கு ஜெனீவ் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். படுக்கப் போகுமுன் தேய்த்துக்கொள்.

காலண்டர் விஷயத்தை நீ பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை. எண்ணெய் ஆலையில் என்னோடு வேலை செய்கிற மூன்று பேருக்கு ட்ரௌட் மீன் பிடிக்க ஆசை. எங்கள் ஃபோர்மேன் டுவைட் ஒரு பத்திரிகையில் வில்டன் படத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். உனக்கும் மே மாதத்துச் சனிக்கிழமைகள் ஜனவரியிலேயே நிரம்பிவிடும். தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்து உன் பிழைப்பு நாளைப் பிடுங்க எனக்கு மனசில்லை.

அன்று மாலை கண்டிப்பாக வீட்டுக்கு வருவேன். அண்ணி சமைக்கிற வெள்ளை பீன்ஸும் பொரித்த மீனும் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது.

அன்புடன்,
நாரிஸ்


கோகோட்ரி
1988 ஏப்ரல் 25

தம்பி நாரிஸுக்கு,

நாங்கள் நலம். ஜெனீவுக்கு நன்றி சொல். தைலம் வாசனையாக இருக்கிறது. முழங்காலுக்கு மூக்கு இல்லாததால் இதுவரை பலன் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பிளசீட்டிடம் படித்துக் காட்டினேன். பாவம், வயதான மனிதர், பொய் சொல்ல வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டது டுவைட் இல்லையாம். நீதானாம். நம் ஊர் பிரெஞ்சிலேயே பேசினாயாம், வில்டனின் நம்பர் கேட்டாயாம், "ஓவீட் காதுல போட வேணாம்" என்றாயாம். ஊருக்கே தெரிகிற சுவரில் எழுதப்போகிற விஷயத்தை அண்ணன் காதில் போட வேண்டாம் என்று சொல்ல உன்னால்தான் முடியும்.

வில்டன் இரண்டு வருஷம் என் படகில் என்னோடு வேலை செய்தான். பிறகு என் படகைவிட நாலடி நீளமாக ஒன்று வாங்கினான். தன் பெயர் அச்சடித்த சட்டை தைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் இன்று அந்தச் சட்டையில்தான் திரிகிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். என் கூடப்பிறந்தவனும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீனைத் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நிற்பான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எரிகிறது என்றே எழுதுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வில்டனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், தண்ணீருக்கடியில் கிடக்கும் அப்பாவின் சிப்பித் திட்டு. மே மாதத்தில் ட்ரௌட் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிற அந்த இடத்துக்கு வழியை அப்பா வெளியாள் யாருக்கும் காட்டியதில்லை. இரண்டு வருஷம் கூட இருந்தும் நானும் வில்டனுக்குக் காட்டவில்லை, அவனோடு போகும் நாளெல்லாம் வேறு பக்கம்தான் போனேன். உன் பெயரை அவன் ஏன் உடனே பேனாவில் எழுதினான் என்று யோசித்துப் பார். அப்பாவின் இன்னொரு மகன் அவன் படகில் ஏறப்போகிறான். அண்ணனாகக் கேட்கிறேன், விரலை நீட்டிவிடாதே. அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாதே. சரி என்று ஒரு வரி எழுதிப் போடு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஓவீட்


கோகோட்ரி
1988 மே 9

திரு. நாரிஸ் ஓத்மான் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தாங்கள் இப்போது வாடிக்கைக்காரர் ஆகிவிட்டபடியால் அதற்குரிய மரியாதையோடு எழுதுகிறேன். இரண்டு வாரமாகத் தங்களிடமிருந்து பதில் இல்லை.

21ஆம் தேதிக்குத் தொப்பியும் மழைக்கோட்டும் கொண்டு வரவும். படகில் வாழைப்பழம் ஏற்றினால் மீன் சிக்காது, ஏற்றக் கூடாது என்பதைத் தங்கள் ஆலை நண்பர்களுக்குச் சொல்லி வைக்கவும். எனக்கும் அன்று ஆள் இருக்கிறது, பேட்டன் ரூஜிலிருந்து நாலு டாக்டர்கள், ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நான் கேட்ட அந்த ஒரு வரியையும் மறக்காமல் அனுப்பி வைக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
கேப்டன் ஓவீட் ஓத்மான்


போமாண்ட்
1988 மே 18

அண்ணன் அவர்களுக்கு,

நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தேதியை மட்டும் மாற்றி இன்று தபாலில் போடுகிறேன். அது வந்து சேருவதற்குள் நான் அங்கே வந்துபோயிருப்பேன்.

விரலை நீட்டாதே என்று எழுதினீர்கள். எந்தப் பக்கம் நீட்டுவது? அப்பாவின் படகில் நான் எப்படி உட்கார்ந்து வந்தேன் என்பது உங்களுக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா?

வெளியாட்களை அந்தத் திட்டுக்குக் கூட்டிப்போகும்போது அப்பா அவர்களைப் படகின் பின்னால் இருக்கிற மோட்டாரைப் பார்த்து உட்கார வைப்பார். வழி தெரியக் கூடாது என்று. எனக்கு எட்டு வயதில், சர்ச்சில் பூசை முடிந்து வருகிற வழியில், முந்தின நாள் எத்தனை மீன் பிடித்தோம் என்று யாரிடமோ உளறிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கும் அதே இடம். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதில் உட்கார வைப்பார், முகம் மோட்டாரைப் பார்த்து. அப்பாவின் முழங்காலையும் மோட்டார் கிளப்புகிற நுரையையும் தவிர வேறொன்றும் நான் பார்த்ததில்லை. கழுத்து கொஞ்சம் திரும்பினால் போதும், "கண்ணு இங்க" என்பார். நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் படகின் மூக்கில் உட்கார்ந்து "இடப்பக்கம், அப்பா, இன்னும் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டு வருவீர்கள். பத்து வருஷம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அப்பா போன பிறகு நீங்கள் என்னைப் பல தடவை மீன்பிடிக்கக் கூட்டிப் போனீர்கள். ஒரு தடவைகூட அங்கே கூட்டிப் போகவில்லை. போகிற இடத்திலும் என் தூண்டிலில் இறாலைக் கோர்த்துவிடுவீர்கள், மீன் கொத்துமுன் "இழு" என்பீர்கள். வில்டனை ஏன் கூப்பிட்டேன் என்று கேட்டீர்கள். தொலைபேசியில் அவன் கேட்ட முதல் கேள்வி, "மிஸ்டர் நாரிஸ், உங்களுக்குப் படகுல எங்க உக்காந்தா வசதி?" நாற்பது வயதில் முதல் தடவையாக ஒருவன் என்னை அதைக் கேட்கிறான். முன்னால் என்று சொன்னேன்.

நாரிஸ்


போமாண்ட்
1988 மே 29

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கழுத்து மட்டும் வெயிலில் உரிந்துவிட்டது. அன்று மாலை பீன்ஸ் சாப்பிட வராததற்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன் வீட்டுவரை வந்து, காரை நிறுத்தாமல் போய்விட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் படகின் முன்னால் உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்து உன் மேல் இருந்த பொறாமையில் பாதி அந்த முதல் பத்து நிமிடத்திலேயே இறங்கிவிட்டது. உன் முகத்தில் அடித்த காற்று இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். வில்டன் அப்பாவின் திட்டைப் பற்றிக் கேட்கத்தான் செய்தான், சுற்றி வளைக்காமலே கேட்டான். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டான், சிரித்துக்கொண்டே தூண்டிலை எடுத்துக் கொடுத்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று, அண்ணா. முடிந்தே போயிருந்தது.

பிறகு தீவின் முனையைத் தாண்டித் திரும்பினோம். தூரத்தில் வெட்டவெளித் தண்ணீரில் ஒரு நீலப் படகு நங்கூரம் போட்டு நின்றது. உன் படகு. டாக்டர்கள் இல்லை. தூண்டில்கூட வெளியே இல்லை. நீ கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய்.

வில்டன் மோட்டாரை நிறுத்தினான். "மே மாசம், சனிக்கிழமை, ஆளும் இல்ல, தூண்டிலும் இல்ல. உங்கண்ணன் அங்க எதுக்கு மிஸ்டர் நாரிஸ் காவக்காக்குறாரு?" அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கரையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை பார்த்தான், தீவின் முனையை ஒரு தடவை பார்த்தான், உன் படகை ஒரு தடவை பார்த்தான். மூன்றே பார்வையில் இடத்தைக் குறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு நாள் முழுக்க என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டான்.

அப்பாவின் திட்டை நான் முன்னால் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நீ கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

நாரிஸ்


கோகோட்ரி
1988 ஜூன் 20

அன்புள்ள நாரிஸ் தம்பிக்கு,

எர்லீன் எழுதிக்கொண்டது. நீங்களும் ஜெனீவும் நலம்தானே? உங்கள் அண்ணன் உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறார், ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்துச் சாப்பிடுவதில்லை. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் டாக்டர்களைக் கூப்பிட்டு மோட்டார் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார். இருபது வருஷத்தில் அவர் வாடிக்கைக்காரரிடம் சொன்ன முதல் பொய். காபியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு விடியும்போதே போனார். சாயங்காலம் திரும்பி வந்து, "ஒருத்தனும் கிட்ட வரல, எர்லீன்" என்று பெருமையாகச் சொன்னார்.

நீங்கள் மே 18ஆம் தேதி எழுதிய கடிதம் அடுத்த திங்கட்கிழமை வந்தது. தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தார். உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால் படகுக் கொட்டகையில் உங்கள் அப்பாவின் பழைய வாளியைத் தேடி எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். "கொஞ்ச நேரம் இரு" என்றார்.

அந்த வாரமே வில்டன் திட்டுக்குப் போய்விட்டான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர். போன புதன்கிழமை அங்கே ஏழு படகு நின்றதாம். இவர் காரணம் யார் என்று யாரிடமும் சொல்வதில்லை, என்னிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதவும் வெட்கம். ஏதாவது நல்லதாக ஒரு வார்த்தை நீங்களே முதலில் எழுதுங்கள்.

அண்ணி,
எர்லீன்


போமாண்ட்
1988 ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம். திட்டில் ஏழு படகு நின்றதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே.

நீதான் குற்றவாளி என்று எழுதப்போவதில்லை. நானும் யோக்கியன் இல்லை. அப்பா உனக்கு எல்லாம் கொடுத்தார், எனக்கு வாளியைக் கொடுத்தார் என்று எத்தனை வருஷம் உன்னிடம் புலம்பியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

உனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் பூசணிக்காயாகக் கிடந்தாயே, அந்த அக்டோபர். ஒரு நாள் அப்பா என்னை மட்டும் படகில் ஏற்றினார். வழக்கம்போல மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்தேன். "திரும்பி உக்காரு" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே வாளியைத் தூக்கிப் படகின் மூக்கில் வைத்தார். கடல் பக்கம் போகாமல் சதுப்புக்குள் நுழைந்து ஓர் இடத்துக்குப் போனோம். குளிர் தொடங்கியதும் ட்ரௌட் உள்ளே வந்து ஒதுங்குகிற இடம். அங்கே மோட்டாரை நிறுத்திவிட்டு, "உங்கண்ணன்கிட்ட சொல்லாத. அவன் தெனம் இங்கயே வந்து உக்காந்துக்குவான்" என்றார்.

முப்பத்தொரு வருஷம் சொல்லவில்லை. நீ திட்டைப் பற்றிப் பெருமையடிக்கும்போதெல்லாம் மனசுக்குள் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று உன்னிடம் அழுதுகொண்டே, உனக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ருசித்துக்கொண்டிருந்தேன். பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த இடம் இன்னும் இருக்கிறதா, கடல் கரைத்துவிட்டதா என்று தெரியாது. வில்டனுக்கு நான் அதைச் சொல்லவில்லை. கடிதத்திலும் எழுத மாட்டேன்.

உன் தம்பி,
நாரிஸ்


கோகோட்ரி
1988 ஜூலை 11

நாரிஸ்,

முழங்காலை விடு.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாடைக்குத் துணி கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் படுத்திருந்தேன். வலை வாங்க ஹூமாவுக்குப் போகிறேன் என்றார் அப்பா. நீ கூட வர அடம்பிடித்தாய் என்றார். திரும்பி வரும்போது உங்கள் இரண்டு பேர் சட்டையிலும் மீன் வாடை. ஹூமாக் கடைத்தெருவில் மீன் சந்தை வழியாக வந்தோம் என்றார். நான் நம்பினேன். எனக்குச் சூப் ஊட்டிய கையால்தானே உனக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்.

எத்தனை மீன்? எவ்வளவு பெரிது? வாளியை நீ நகர்த்தினாயா, அவரேதான் தூக்கி வைத்தாரா? போகும்போது பாடினாரா? என்னோடு போகும்போது பாடுவார். நான் தினம் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகவா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, இனிமேல் போய் யாரோடு சண்டை போடுவேன்?

ஓவீட்


போமாண்ட்
1988 ஆகஸ்ட் 2

அண்ணா,

நலம், நலமறிய ஆவல். பதினாலு மீன். பெரியது என் கை முட்டிவரை இருந்தது. வாளியை அவரேதான் தூக்கி வைத்தார். போகும்போது பாடவில்லை, வரும்போது பாடினார். உன்னைப் பற்றிச் சொன்னது சிரித்துக்கொண்டுதான். ஆனால் அதற்குப் பிறகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டே, "அவன் அப்படித்தான். நான் உக்கார வச்ச எடத்துலதான் அவன் உக்காருவான்" என்றார். அது எனக்கு அன்று புரியவில்லை. மே 21ஆம் தேதி உன் படகைப் பார்த்தபோது புரிந்தது.

நாரிஸ்


கோகோட்ரி
1988 செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜெனீவின் தைலத்தைக் குறைத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உன் கடைசிக் கடிதத்துக்கு ஒரு மாதமாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திட்டுக்கு நான் போவதில்லை. போன வாரம் எர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்கெனவே தெரியும் என்றாள், கோபித்துக்கொள்ளவில்லை.

இன்று பிளசீட் கடைக்குப் போய் என் காலண்டரில் எழுதிவிட்டு வந்தேன். அக்டோபர் 8, சனிக்கிழமை: 'நாரிஸ் ஓத்மான், போமாண்ட். ஒரு ஆள். புள்ளி ட்ரௌட்.' உன்னைக் கேட்காமலே பேனாவில் எழுதினேன். பக்கத்தில் வில்டன் நின்று படித்தான், எந்தப் பக்கம் போகிறோம் என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடு. பீன்ஸ் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம். மோட்டார் உன் கையில். அப்பாவின் வாளியைக் கழுவிப் படகில் வைத்திருக்கிறேன், அது எனக்கு. நான் மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்து வருகிறேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருக்கிறேன், ஆனால் என் புத்தி உனக்குத் தெரியும். கழுத்து கொஞ்சம் திரும்பினாலும், "கண்ணு இங்க" என்று சொல்லிவிடு.

உன் அண்ணன்,
ஓவீட்